128 மார்க் எடுத்த பையனுக்கு இன்னும் எத்தனை ஆப் வேண்டும்?

சார், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகன் கிர்கிஸ்தானில் மருத்துவம் முடித்து வந்து, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வை முதல் தடவை எழுதியதில் 300க்கு 128, தேற வேண்டியது 150, டிசம்பர் தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, இன்னொரு ஆப்புக்குச் சந்தா கட்டுவதா இல்லை டெல்லி கோச்சிங்குக்கு அனுப்புவதா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஏற்கெனவே இரண்டு ஆப், சீனியர் கொடுத்த ஒரு பெட்டி நோட்ஸ், டெலிகிராமில் இறக்கிய வீடியோ எல்லாம் அவனிடம் இருக்கிறது என்று, எனக்கு அந்த வரிதான் கண்ணில் நின்றது.

128ஐப் பார்த்து வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம். இந்தத் தேர்வில் பல தடவை ஐந்தில் ஒருவர்தான் தேறியிருக்கிறார்கள். ரேங்க் கிடையாது, தப்பான விடைக்கு மார்க் பிடிக்க மாட்டார்கள், 150 எடுத்தாலும் 220 எடுத்தாலும் தேர்ச்சி என்பது ஒன்றுதான். ஆனால் ஆப்காரர்கள் முன்னால் நிறுத்தி விற்பது பெரும்பாலும் மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்குரிய பேக்கேஜை. அங்கே ஒரு மார்க்கில் ரேங்க் எங்கேயோ போய்விடும், தப்பு விடைக்கு ஒரு மார்க் போகும், அதனால் பாடமும் அந்த ஆழத்துக்குப் போகும். மேரோ, பிரெப்லேடர் போன்றவற்றில் எது நல்லது என்று கேட்டீர்கள். இரண்டிலும் படித்துத் தேறியவர்களும் இருக்கிறார்கள், தேறாதவர்களும் இருக்கிறார்கள். எந்த ஆப் என்பதை விட, அதில் எஃப்எம்ஜிஇக்கென்று இருக்கும் பகுதியை மட்டும் அவன் எடுத்துப் படிக்கிறானா என்று பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 பாடத்துக்கும் சேர்த்து வீடியோ 500 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், தினம் ஆறு மணி நேரம் பார்த்தாலும் 83 நாள் போய்விடும். இரண்டாவது ஆப்பையும் திறந்தால் அதே பாடத்தை இன்னொருவர் குரலில் கேட்டுக்கொண்டே ஐந்து மாதமும் முடிந்துவிடும், கேள்வி போட்டுப் பார்க்க நாளே மிஞ்சாது. முதல் தடவை இவனுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்று என் ஊகம், அவனையே கேட்டுப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? எதையும் வாங்குவதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு மாக் டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள். காலையில் 150 கேள்வி, 150 நிமிடம், இடைவேளை விட்டு மறுபடியும் அதே அளவு. அப்புறம் பாடவாரியாக மார்க்கைப் பிரித்து எழுதட்டும். தேர்வில் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு என்பது தெரிந்த விஷயம்தான்: பொது மருத்துவம் 33, அறுவை 32, மகப்பேறு 30, சமுதாய மருத்துவம் 30, அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் தலா 17. குழந்தை மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை தலா 15, தடயவியல் 10. பையன்கள் பயோகெமிஸ்ட்ரியோடு ஒரு மாதம் மல்லுக்கு நிற்பார்கள், சமுதாய மருத்துவத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவார்கள். சமுதாய மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை, தடயவியல் நான்கையும் கூட்டினால் 70 மார்க். ஒரு நோட்ஸும் கேள்வி வங்கியும் இருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கக்கூடிய பாடங்கள் இவை. அவனுக்குக் குறைவது 22 மார்க்தான்.

இதில் சமுதாய மருத்துவமும் தடயவியலும் வெளிநாட்டில் படித்தவர்களைக் கவிழ்க்கும். அங்கே நம் தடுப்பூசி அட்டவணையையோ காசநோய்த் திட்டத்தையோ இந்தியச் சட்டத்தையோ யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அதனால் சீனியர் கொடுத்த பெட்டியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். கொலைக்குச் சட்டப்பிரிவு 302 என்று சினிமா பார்த்தே நமக்கெல்லாம் மனப்பாடம், ஆனால் 2024 ஜூலை 1இல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின் அது 103. கருக்கலைப்புக்கு மேல் வரம்பு 20 வாரம் என்று மட்டும் இருந்தால் அது 2021 திருத்தத்துக்கு முந்தைய நோட்ஸ், இப்போது குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை உண்டு. ஊசி போலியோ மருந்துக்கு 2023 ஜனவரியிலிருந்து ஒன்பதாவது மாதத்தில் மூன்றாவது தவணை சேர்ந்திருக்கிறது. இந்த மூன்றும் பழையபடி இருந்தால் அந்த இரண்டு பாடத்து நோட்ஸையும் எடைக்குப் போட்டுவிடலாம். அனாடமி நோட்ஸை வைத்துக்கொள்ளட்டும், எலும்பு ஒன்றும் மாறிவிடவில்லை. டெலிகிராம் வீடியோ திருட்டுச் சரக்கு என்பது ஒரு பக்கம், எந்த வருடத்துப் பதிப்பு என்றே தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

முந்தைய வருடக் கேள்விகள் என்று புத்தகம் விற்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு நடத்தும் தேசிய வாரியம் வினாத்தாளை வெளியிடுவதில்லை. எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னதைத்தான் அச்சடிக்கிறார்கள். எந்தத் தலைப்பு அடிக்கடி வருகிறது என்று தெரிந்துகொள்ள உதவும், விடையை அப்படியே நம்பக் கூடாது. கேள்வி வங்கி வாங்கும்போதும் இப்படித்தான், எத்தனை ஆயிரம் கேள்வி என்று எண்ணாதீர்கள், மற்ற மூன்று விடைகள் ஏன் தப்பு என்று விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். படம் காட்டிக் கேட்கும் கேள்விகளும் நிறைய இருக்க வேண்டும்.

டெல்லி விஷயம். அங்கே கோச்சிங் மாணவர்கள் தங்கும் கௌதம் நகரில் அறை எடுத்துத் தங்கிப் படித்துத் தேறிய நம் ஊர்ப் பிள்ளைகள் உண்டு. ஆனால் வகுப்பில் ஆங்கிலத்தில் ஆரம்பித்து முக்கியமான இடம் வந்ததும் இந்திக்குத் தாவிவிடும் ஆசிரியர்கள் அங்கே சகஜம், சில ஆப் வீடியோக்களிலும் இதே கதைதான். பணம் கட்டுமுன் பொது மருத்துவத்திலும் பேத்தாலஜியிலும் ஒவ்வோர் இலவச வகுப்பை அவனே கேட்டுப் பார்க்கட்டும், நிறுத்தி நிறுத்தி அர்த்தம் தேட வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டில் காலையில் எழவே மாட்டேன் என்கிறான் என்றால் அனுப்பலாம், அது வேறு காரணம். அந்தக் காரணத்துக்குச் சென்னையில் ஒரு நூலக இருக்கை போதும், செலவும் குறைவு.

என்னைக் கேட்டால் இருக்கிற இரண்டு ஆப்பில் அவனுக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் போனிலிருந்து எடுத்துவிடச் சொல்லுவேன். வீடியோ பலவீனமான நான்கைந்து பாடத்துக்கு மட்டும், மற்ற நேரம் கேள்வி, பதினைந்து நாளுக்கு ஒரு மாக். புதிதாக எதற்கும் இந்த மாதம் பணம் கட்டாதீர்கள். ஞாயிறு மாக் முடிந்ததும் பாடவாரி மார்க்கை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம் சார், அவனே எழுதட்டும்.