கால்நடை மருத்துவம் படிக்க விரும்புகிறேன். அதற்கு முன் ஒரு நாள் மருத்துவருடன் இருந்து பார்ப்பதால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பயனாக அது இராது. விலங்குகளிடம் பிரியம் இருப்பதால்தான் இந்தப் படிப்பை நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பள்ளி இறுதியாண்டில் நானும் அப்படி நினைத்துத்தான், ஒரு கால்நடை மருத்துவரிடம் அனுமதி பெற்று, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அவருடன் அலைந்தேன். ஒரே நாளை வைத்துத் தொழிலையே அளக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் அளக்கவில்லை, கண்டதைச் சொல்கிறேன்.

முற்பகல் முழுவதும் சினைப் பரிசோதனை. தோள்வரை நீளும் கையுறையுடன் மலக்குடல் வழியே கையை நுழைத்து, கருப்பையை விரல்களால் தடவி அறிந்து, "மூன்று மாதம்", "இது சினையில்லை" என்று அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன்.

பிற்பகலில் பார்த்தது வேறு. முந்தைய நாள் கன்று ஈன்ற கறவை மாடு ஒன்று, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தது. காதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், சில்லென்றிருந்தது. பால் காய்ச்சல் என்று பெயரே தவிர அதில் காய்ச்சல் இல்லை. சீம்பாலுக்காக இரத்தத்திலுள்ள கால்சியம் மளமளவென்று மடிக்கு இறங்கிவிடுவதால் தசைகள் தளர்ந்து, ஏறத்தாழ 101.5 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டிய உடல் வெப்பம் குறைந்துவிடுகிறது.

"வாய்வழியாக ஏதாவது ஊற்றினீர்களா?" என்று மருத்துவர் மூன்று முறை கேட்டார். இரண்டு முறை இல்லையென்ற உரிமையாளர், மூன்றாம் முறை எண்ணெய் ஊற்றியதை ஒப்புக்கொண்டார். விழுங்கும் வலுவிழந்த மாட்டுக்கு ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால், நெஞ்சில் கருவியை வைத்து அவர் நெடுநேரம் கேட்டார். மனித மருத்துவர் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் "மாட்டு டாக்டர்" என்கிறார்களே, அந்த வசவைக் கேட்டால் அன்றிலிருந்து எனக்குக் கோபம் வருகிறது. இங்கே நோயாளிக்கு வாயில்லை. வாயுள்ளவரோ பாதியை மறைக்கிறார்.

பிறகு கழுத்து இரத்தக்குழாயில் ஊசியை ஏற்றிவிட்டு, கால்சியம் புட்டியை என்னிடம் கொடுத்தார். விரைவாக ஏறட்டுமே என்ற நல்லெண்ணத்தில் அதைத் தலைக்கு மேலே தூக்கினேன். "தம்பி, கீழே இறக்கு! இதயம் நின்றுவிடும்" என்று அதட்டினார். புட்டியை உயர்த்த உயர்த்த மருந்து வேகமாக ஏறும் என்பதும், அந்த வேகம் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் என்பதும் ஒரு பள்ளி மாணவனுக்கு எப்படித் தெரியும்? முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. இடுப்பளவுக்கு இறக்கிப் பிடித்தபடி, கை மரத்துப்போகக் கால் மணி நேரம் நின்றேன். அவரோ மாட்டின் முழங்கைக்குப் பின்னால் கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் சதை நடுங்கியது, பிறகு ஓர் ஏப்பம், அதன்பின் சாணம். புட்டி தீர்ந்து சற்று நேரத்தில், பின்னங்கால்களை முதலில் ஊன்றி மாடு எழுந்து நின்றது.

நீங்கள் போவதானால், மாடு பக்கவாட்டிலும் வீசி உதைக்கும் என்பதால் அதன் தோளருகே நில்லுங்கள். எச்சில் ஒழுகும் மாட்டின் வாய்க்குள் கை விடாதீர்கள், வெறிநோயாகவும் இருக்கலாம். கையில் எதையாவது கொடுத்தால், எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.