விளக்கைத் தட்டினால் பேட்டிங் வருமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. ஒரு வருடமாக கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். வேகப்பந்து என்றால் மட்டை தாமதமாகத்தான் வருகிறது. விளக்கு எரிந்ததும் தட்டும் கருவியில் பழகினால் வேகம் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா? படிப்பிலும் கவனம் கூடுமா?

பதில்: அதில் பணத்தைப் போடாதீர்கள். பழகப் பழக விளக்கைத் தட்டுவதில் வேகம் கூடும். அது பேட்டிங்குக்கு வந்து சேருமா என்பது சந்தேகம்தான்.

விளக்கு எரிவதைப் பார்த்துக் கையை அசைக்க யாருக்குமே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது அதிகம் குறைவதில்லை. பீட்டர் மெக்லியோட் என்ற ஆய்வாளர் 1987-ல் வெளியிட்ட சோதனையில், விரிப்புக்கு அடியில் மரக்குச்சிகளை வைத்து, குத்திய பந்து எதிர்பாராமல் திரும்பும்படி செய்தார். கடைசி 0.2 வினாடிக்குள் திரும்பிய பந்துக்கு ஏற்ப, சர்வதேச ஆட்டக்காரர்களாலும் மட்டையைத் திருத்த முடியவில்லை. 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து மட்டையை எட்ட அரை வினாடிகூட ஆகாது. பிறகு எப்படி அடிக்கிறார்கள்? பவுலரின் ஓட்டம், மணிக்கட்டு, பந்து கையைவிட்டு வரும் கணம், இவற்றை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடுகிறார்கள். மைக்கேல் லேண்டும் மெக்லியோடும் 2000-ல் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். பேட்ஸ்மேனின் பார்வை, பந்து குத்தப்போகும் இடத்துக்கு முன்னதாகவே தாவியது. திறமையானவரின் கண் இன்னும் சீக்கிரம் தாவியது.

பழக்க வேண்டியது இந்தக் கண்ணைத்தான். அதனால் பந்துவீசும் இயந்திரத்தைவிட உண்மையான பவுலர்களே நல்லது. இயந்திரத்துக்கு மணிக்கட்டு கிடையாதே. தினமும் சில ஓவர்கள் மட்டையை வீசாமல் நிற்கட்டும். பந்து கையைவிட்டதும் ‘ஷார்ட்’ (தள்ளிக் குத்தும் பந்து), ‘ஃபுல்’ (மட்டைக்கு அருகில் குத்தும் பந்து) என்று சத்தமாகச் சொல்லட்டும். ஒரே மாதிரிப் பந்துகளை வரிசையாகப் போடாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். முதலில் நிறையத் தப்பும், கவலை வேண்டாம்.

படிப்புக்கு வருவோம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் வேகமாக நடந்த சிறுவர்கள் கவனச் சோதனையில் கூடுதல் துல்லியம் காட்டினார்கள். கவனத்தோடு தொடர்புடைய மூளை அலையும் வலுவாக இருந்தது. இது உடற்பயிற்சி முடிந்த கொஞ்ச நேரத்துக்கான பலன். ஆகவே விளையாடிவிட்டு வந்து, குளித்து, உடனே படிக்க உட்காரட்டும். பரீட்சை வந்தால் விளையாட்டை நிறுத்திவிடும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் வேண்டும்; தூக்கம் குறைந்தால் கை கண்டிப்பாக மந்தமாகும்.

அப்புறம், இதற்கெல்லாம் முன்னால் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கிட்டப்பார்வை இருந்து தெரியாமல் போயிருந்தால், பவுலரின் கையே அவனுக்கு மங்கலாகத்தான் தெரியும்.