பென்சிலில் இருக்கும் பெயர்கள்

அன்புள்ள அண்ணா,

எங்கள் வரைபட ஐயாவை உங்களுக்குத் தெரியும். வருகிற தையில் அவருக்கு 80 வயது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையையும் மேற்குப் பக்கமான படுவான்கரையையும் நடந்து நடந்து அவர் வரைந்த படங்களை ஒரு மலராக அச்சிட்டு, பொன்னாடை போர்த்திக் கௌரவிக்க இருக்கிறோம். நீங்கள் ஒரு வாழ்த்துரை தரவேண்டும். இன்னொரு விஷயம். படங்களில் பாதிப் பெயர்கள் மையிலும் மீதி பென்சிலிலும் இருக்கின்றன. அச்சில் எல்லாம் ஒரே மாதிரி வரட்டும் என்று பென்சில் பெயர்களின் மேலும் மையால் எழுதிவிடலாமா? ஐயாவுக்கு உடம்பு சரியில்லாததால் அவரிடம் கேட்கவில்லை.

ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

வாழ்த்துரை கட்டாயம் தருகிறேன். ஆனால் அந்தப் பென்சில் பெயர்களில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

ஐயா இளம் வயதில் நில அளவையாளர்களோடு சங்கிலி பிடித்துப் போனவர். 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி, 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்று இன்றைக்கும் வாய்ப்பாடு போலச் சொல்வார். அளந்தது சம்பளத்துக்கு. பெயர் கேட்டது தன் ஆசைக்கு. இந்த வயல்வெளிக்கு, அதாவது வட்டைக்கு, என்ன பெயர், இந்த வாய்க்காலுக்கு என்ன பெயர், தோணி கட்டும் இந்தத் துறையை என்னவென்று சொல்வீர்கள் என்று வழியில் கண்டவர்களை எல்லாம் கேட்பார். ஒருவர் சொன்னால் பென்சில். அவரோடு தொடர்பில்லாத இன்னொருவரும் அதையே சொன்னால்தான் மை. அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

ஒருநாள் பாயில் ஒரு தாளை விரித்துக் காட்டினார். வாவிக்கரையில், அம்பிளாந்துறைப் பக்கம், ஒரு சின்ன மேட்டுக்குப் பென்சிலில் ஒரு பெயர். 1977இல் ஒரு மீனவர் சொன்னதாம். அடுத்த வருடம் நவம்பர் 23 சூறாவளி. அதற்குப் பிறகு அந்தக் கரையில் எத்தனை பேரைக் கேட்டும் இரண்டாவது வாய் அமையவில்லை. பென்சில் மங்க மங்க அதன் மேலேயே திரும்பவும் பென்சிலால் எழுதியிருக்கிறார். விரலால் தடவிப் பார்த்தேன், தாள் பள்ளமாக இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேலாக மை போடாமல் வைத்திருந்த பெயருக்கு நாம் எப்படித் தம்பி மை போடுவது?

எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் நம் மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். எஃப். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய வரலாற்று நூலை 1962இல் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்தது. அரசர், கோயில், குடி, வழக்கம் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. காலடியில் இருக்கும் மண்ணின் பெயர்களைத் துண்டு துண்டாகச் சேர்த்தவர் நம் ஐயா. என் கணக்கில் அவரும் அந்த வரிசையில் வைக்கவேண்டியவர்தான்.

பெயர் போவதற்கு அதிக நாள் எடுப்பதில்லை. 1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கியது, அதே ஆற்றுக்கு இருந்த பட்டிப்பளை ஆறு என்ற பெயர் படங்களில் இருந்து ஒதுங்கியது. 2014இல் மண்முனையில் பாலம் வந்தது. நல்லது, நோயாளியை இரவில் கொண்டுபோக முடிகிறது. ஆனால் அங்கே பாதை, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் வாவி கடத்தும் மிதவை, ஓடிய காலத்தில் மக்கள் காத்து நின்ற இடங்களுக்கு இருந்த பெயர்களை இன்றைய பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்? கடலோர நாவலடிக்கு ஐயாவிடம் இரண்டு தாள்கள் இருக்கின்றன, 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முந்தியது ஒன்று, பிந்தியது ஒன்று. மலரில் அவை இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரட்டும்.

பென்சில் பெயர்களை அச்சிலும் மங்கலாகவே போடுங்கள். யார், எந்த வருடம் சொன்னது என்பது ஐயாவின் கொப்பிகளில் இருக்கிறது, அதையும் பக்கத்தில் சேருங்கள். அப்புறம், தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தப் பெயர்களைப் பிரதி எடுத்து, அந்தந்த ஊரில் மிஞ்சியிருக்கும் வயதானவர்களிடம் போங்கள். நாமாகப் பெயரைச் சொல்லிக்கொடுக்கக்கூடாது, இடத்தைக் காட்டி அவர்கள் வாயால் வரவிடவேண்டும். பத்துப் பெயருக்கு இரண்டாவது ஆள் கிடைத்தாலும் போதும். விழா மேடையில் பொன்னாடையோடு ஒரு பேனையையும் கொடுத்து, ஐயாவையே எழுதச் சொல்லுங்கள்.

அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தது உங்கள் நல்ல மனம். இதைக் கேட்டுப் போனால் அவர் எழுந்து உட்காருவார், எனக்குத் தெரியும்.

குருக்கள்மடத்தில் பாதை ஏறி அம்பிளாந்துறைக்குப் போகும் நாளில் என்னையும் கூப்பிடுங்கள். அந்த மேட்டைப் பற்றி முதலில் கேட்போம்.

அன்புடன்,
அண்ணன்