பவுல் இயேசுவைப் பார்க்கவில்லை, யாக்கோபைப் பார்த்தார்

“இயேசு உயிரோடிருந்தபோது, தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகரான பவுல் அவரைச் சந்தித்ததே இல்லை. அப்படியிருக்க, புதிய ஏற்பாட்டில் உள்ள அவர் கடிதங்கள் இயேசு வாழ்ந்தார் என்பதற்கு எப்படிச் சான்றாகும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பல ஆண்டுகள் இதே சந்தேகம் இருந்தது. கலாத்தியா பகுதிச் சபைகளுக்கு (கலாத்தியருக்கு) அவர் எழுதியதை அதிகாரம், வசனம் பார்க்காமல் ஒரு கடிதமாகவே ஒரே மூச்சில் படித்தபோதுதான் தெளிந்தது.

அது கோபத்தில் எழுதிய கடிதம். அவர் வழக்கமாகத் தொடக்கத்தில் சொல்லும் நன்றிகூட அதில் இல்லை. கிறிஸ்தவராகும் யூதரல்லாதவர்களும் விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்தாக வேண்டுமா என்பது தகராறு. “என் நற்செய்தியை எந்த மனிதரிடமும் கற்கவில்லை” என்று வாதாடும் பவுல், அதற்காக எருசலேம் போய்வந்த கணக்கைச் சொல்கிறார். இயேசுவை ஏற்று மூன்று வருடம் கழித்துப் போனாராம், கேபாவுடன் (இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுருதான்) 15 நாள் தங்கினாராம், அப்போஸ்தலரில் (இயேசுவின் தூதர்களில்) வேறு யாரையும் பார்க்கவில்லையாம், கர்த்தருடைய, அதாவது இயேசுவின், சகோதரனாகிய யாக்கோபைத் தவிர. உடனே, இது பொய்யல்ல என்று கடவுளைச் சாட்சி வைக்கிறார் (1:18-20).

இயேசு வாழ்ந்தார் என்று நிறுவுவது இங்கே அவர் நோக்கமே இல்லை. அந்தச் சந்திப்பு அவர் வாதத்துக்கு இடைஞ்சல்தான். எதிர்த்தரப்புக்கும் தெரியும் என்பதால் சொல்லியாக வேண்டியிருந்தது என்றே நான் படிக்கிறேன். கடிதம் எழுதியது கி.பி. 50-களை ஒட்டி. சந்திப்பு அதற்கும் பல ஆண்டுகள் முன்பு, சிலுவை மரணம் நடந்து பத்து வருடம்கூட ஆகாத காலம்.

‘சகோதரன்’ என்றால் விசுவாசி என்றுதானே பொருள் என்பார்கள். அப்படியானால் கேபாவும் சகோதரன்தானே, யாக்கோபுக்கு மட்டும் ஏன் அந்த அடைமொழி? பவுலின் இன்னொரு கடிதமான 1 கொரிந்தியர் 9:5-லும் அப்போஸ்தலர், கர்த்தருடைய சகோதரர், கேபா என்று தனித்தனியாகவே வருகிறது. கத்தோலிக்கர் யாக்கோபை நெருங்கிய உறவினர் என்பார்கள். அப்படியே வைத்தாலும் வாதம் நிற்கும். கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்றாசிரியர் ஜொசீபசும், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு கி.பி. 62-இல் கல்லெறிந்து கொல்லப்பட்டதை எழுதியிருக்கிறார்.

பவுலின் பெயரில் உள்ள 13 கடிதங்களில் 7-ஐ அவருடையவை என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். நான் காட்டியவை அந்த ஏழில் இருப்பவையே. நாசரேத், இயேசுவின் தாய் மரியாளின் பெயர், இயேசு சொன்ன உவமைகள் எதுவும் அவற்றில் இல்லை என்பது உண்மை. இயேசுவின் வாக்குகளும் மிகக் குறைவு. ஆனால் விவாகரத்து பற்றிப் பேசும்போது, மனைவி கணவனைப் பிரியக் கூடாது என்பதைக் கர்த்தரின் கட்டளை என்கிறார். அவிசுவாசியை மணந்தவர்கள் விஷயம் வந்ததும், இதைச் சொல்வது கர்த்தரல்ல, நான்தான் என்று பிரித்துவிடுகிறார் (1 கொரிந்தியர் 7:10-12). தேவைக்கேற்ப வாக்குகளைப் புனைகிறவருக்கு அந்த இரண்டாவது இடத்திலும் ஒரு கட்டளை கிடைத்திருக்கும்.