பேக்வெல்லில் ஒரு நாள்: முதலில் பாதை, பிறகு ஊர்

கேள்வி: மான்செஸ்டரில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 68 வயது. நன்றாக நடப்பார், ஆனால் ஏற்றம் என்றால் முழங்கால் வலிக்கும். பேக்வெல் ஊரையும், பக்கத்தில் இருக்கும் மான்சல் பழைய ரயில் பாதையையும் ஒரே நாளில் நடந்து பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பாதை முழுவதையும் நடந்தே தீர வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதன் நீளம் 13 கிலோமீட்டருக்கு மேல். பேக்வெல்லிலிருந்து ஹெட்ஸ்டோன் என்ற பழைய ரயில் பாலம் வரை போய்த் திரும்புங்கள். ஒரு வழிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான் வரும்.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். நீராவி இன்ஜினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதனால் இந்தப் பாதை சுமார் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில்தான் உயர்கிறது. போகும்போது அந்த லேசான ஏற்றம், களைத்துத் திரும்பும்போது இறக்கம். இந்த நடையில் சிரமப்படுத்துவது ஒரே இடம்தான்: ஊரின் ஆற்றுப் பாலத்திலிருந்து பழைய ரயில் நிலையத்துக்கு ஏறும் சாலை. நிலையம் ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. கார் இருந்தால் அப்பாவை மேலேயே இறக்கிவிடுங்கள்.

ஒன்றரை கிலோமீட்டரில் ஹாசப் நிலையம் வரும். இப்போது அது காபிக் கடை. அடுத்து கிரேட் லாங்ஸ்டோன். தண்டவாளம் கிடந்த இடத்தில் நாம் நடக்க, பிளாட்பாரம் பக்கவாட்டில் உயரமாக வருகிறது. ரயில் நிலையத்தை இந்தக் கோணத்தில் பார்க்க வேறெங்கே வாய்க்கும்? அப்புறம் அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம். உள்ளே சில்லென்று இருக்கும், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். கோடையிலும் அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள்காரர்களும் வருவார்கள், ஓரமாக நடங்கள். விளக்குகள் பகலில் மட்டும்தான் எரியும். ஊரை மாலைக்கு வைக்கச் சொல்வது இதனால்தான்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததுமே பாலம், கீழே வை ஆறு. 1863-இல் இங்கே ரயில் வந்தது. பள்ளத்தாக்கே பாழாகிவிட்டது என்று ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் பின்னாளில் திட்டித் தீர்த்தார். இன்று எல்லோரும் படமெடுப்பது அந்தப் பாலத்தைத்தான். 1968-இல் ரயில் நின்றது. சுரங்கங்களை 2011-இல்தான் நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கு முன் குன்றேறிச் சுற்ற வேண்டும், உங்கள் அப்பாவுக்குச் சரிப்பட்டிருக்காது.

ஊருக்குத் திரும்பியதும் ஐந்து வளைவுகள் கொண்ட பழைய கல் பாலத்தருகே உட்காருங்கள். தேவாலய வளாகத்தில் ஆங்கிலோ-சாக்ஸன் காலக் கற்சிலுவை இருக்கிறது, ஆனால் அதற்கும் மேடேற வேண்டும். முழங்கால் ஒத்துழைத்தால் பார்க்கலாம். ஊரின் பெயர்பெற்ற இனிப்பான பேக்வெல் புட்டிங்கில் முட்டை உண்டு. அப்பா சைவம் என்றால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை சந்தை நாள், காரை நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். கார் இல்லையென்றால் பக்ஸ்டன் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.