ஜெபிக்கிறேன், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லையே!

கேள்வி: எனக்கு வயது 34. சிறுவயதிலிருந்தே சபைக்குப் போகிறவள். தேவனோடு இன்னும் நெருங்க வேண்டும் என்று கொஞ்ச காலமாக அதிகாலையில் எழுந்து ஜெபிக்கிறேன். ‘ஆண்டவர் என்னோடு பேசினார்’ என்று மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது எனக்கு ஏக்கமாக இருக்கிறது. எனக்கோ சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையை இரண்டு முறை ஆரம்பித்து, இரண்டு முறையும் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிட்டேன். உன்னிடம் மறைந்த பாவம் ஏதோ இருக்கிறது என்கிறார் சபையில் ஒருவர். உள்ளே ஒன்றும் இல்லாமல் பாடகர் குழுவில் நின்று பாடுவது மாய்மாலம் இல்லையா?

பதில்: சகோதரி, முதலில் அந்த மறைந்த பாவக் கதையை ஓரமாக வைத்துவிடுவோம். மனசாட்சி ஒரு குறிப்பிட்ட காரியத்தைக் காட்டிக் குத்தினால், அதை அறிக்கையிட்டுச் சரிசெய்யுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் ‘ஏதோ இருக்கும்’ என்று பொத்தாம்பொதுவாகத் தோண்டுவதை, வேதாகமத்தில் துன்பத்துக்குள்ளான யோபுவின் நண்பர்களே செய்து முடித்துவிட்டார்கள். ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுதான் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம். பேச ஆரம்பித்த பிறகு சொன்னதெல்லாம் சரியல்ல என்று கடைசி அதிகாரத்தில் தேவனே சொல்லிவிடுகிறார்.

அன்னை தெரசா 1997-ல் இறந்தார். பத்து வருடம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளியானபோது பலருக்கும் அதிர்ச்சி. ஏறக்குறைய ஐம்பது வருடம், ஜெபத்தில் தேவனுடைய பிரசன்னத்தை உணராத இருளிலேயே அவர் இருந்திருக்கிறார். அவ்வளவு காலமும் ஜெபத்தையும் விடவில்லை, வேலையையும் விடவில்லை. உங்களுக்கும் அத்தனை வருடம் ஆகும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உணர்ச்சி வரவில்லை என்பதை வைத்து உறவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது, அவ்வளவுதான்.

ஜெபத்தில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சபையில் கேட்டுப் பழகிய வார்த்தைகளையே, நன்றியும் துதியுமாக அடுக்கிவிட்டு எழுந்துவிடுகிறீர்களோ என்று ஒரு சந்தேகம். எனக்கு எழுதியதைத் தேவனிடம் சொன்னீர்களா? ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதான் 13-ம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. அதுவாவது முடிவில் பாட்டாக மாறிவிடுகிறது. 88-ம் சங்கீதத்தில் அந்த ஆறுதலும் கிடையாது; நண்பர்கள்கூட விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்களே! ஒரு வாரம் அந்தச் சங்கீதத்தையே சத்தமாக வாசித்து ஜெபியுங்கள். வேறு எதையும் சேர்க்க வேண்டாம்.

அப்புறம் அந்த அட்டவணை. மொத்தம் 1,189 அதிகாரங்கள்; ஒரே வருடத்தில் முடிக்க நாளைக்கு மூன்றுக்கும் மேல் வாசிக்க வேண்டும். தோல் வியாதியையும் வஸ்திரத்தில் உண்டாகும் தோஷத்தையும் பற்றியே 59 வசனங்கள் பேசும் லேவியராகமம் 13-ம் அதிகாரத்தை அந்த வேகத்தில் கடந்தால் யாருக்குத்தான் புரியும்? அட்டவணையை மடித்து வையுங்கள். மாற்குவை எடுங்கள். பதினாறே அதிகாரம், சுவிசேஷங்களில் சிறியது. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். அதையே இரண்டு மூன்று தடவை வாசியுங்கள்.

உதாரணத்துக்குப் பத்தாம் அதிகாரம். எரிகோவில் வழியோரம் உட்கார்ந்து பிச்சை கேட்கும் குருடன் பர்திமேயு இயேசுவைக் கூப்பிடுகிறான். சும்மா இரு என்று கூட்டம் அதட்டுகிறது. அவன் இன்னும் உரக்கக் கத்துகிறான். இயேசு கூப்பிட்டதும் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். குருடனிடம் கேட்கிற கேள்வியா இது? கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். அதே அதிகாரத்தில் யாக்கோபிடமும் யோவானிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். கூடவே இருந்த அந்த இரண்டு பேரும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டார்கள். வழியோரத்தில் இருந்தவன் பார்வை கேட்டான். வேகமாக ஓடினால் இது கண்ணில் படாது. இங்கே புத்தகத்தை மூடிவிட்டு, அதே கேள்வி உங்களிடம் வந்தால் என்ன கேட்பீர்கள் என்று யோசியுங்கள். மற்றவர்களுக்குக் கிடைத்த அனுபவத்தைக் கேட்பீர்களா, இல்லை அவரையே கேட்பீர்களா? அதற்கு வரும் பதிலே அன்றைய ஜெபம்.

உடம்பையும் கவனியுங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பாடு கொடுத்தான். அதிகாலை ஜெபத்துக்காகத் தூக்கத்தை வெட்டுகிறீர்கள் என்றால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஜெபத்தில் மட்டுமல்லாமல் எதிலுமே மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

கடைசியாகப் பாடகர் குழு. இல்லாத அனுபவத்தை இருப்பதாக மேடையில் சாட்சி சொன்னால் அது மாய்மாலம். பாடுவது அப்படியல்ல. ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று மாற்கு 9-ல் ஒரு தகப்பன் கதறுகிறான். முழு விசுவாசத்தோடு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். அதனால் குழுவை விட்டு விலக வேண்டாம். பாடலின் ஒரு வரி உங்களுக்கு இன்னும் உண்மையாகவில்லை என்றால், அந்த வரியை ஒரு விண்ணப்பமாகப் பாடுங்கள். குற்றம் கண்டுபிடிக்காமல் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு மூத்த விசுவாசி சபையில் இருந்தால், அவரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.