செடிகள் இருக்க மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 54. பத்து ஆண்டுகளாக நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளன. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் மனச்சோர்வு என்று கூறி மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அதே சமயத்தில் மாடியில் தொட்டிச் செடிகள் வளர்க்கத் தொடங்கினேன். மாலையில் அரை மணி நேரம் அங்கே இருந்துவிட்டு வந்தால் மனம் லேசாகிவிடுகிறது. இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா? குனிந்து களை பிடுங்கிவிட்டு எழும்போது சில நாட்களில் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. மாமியாரைத் தனியே விட்டுவிட்டுச் செடியோடு நிற்கிறோமே என்ற உறுத்தலும் இருக்கிறது.

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், தூக்கக் கெடுதல், எரிச்சல், உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை தோன்றக்கூடும். மேலும், நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது மருந்தைத் தொடர்ந்து, அதன்பின் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைப்பதே நோய் திரும்பாமல் இருக்க வழி. உங்களுக்கு இன்னும் அந்தக் காலம் ஆகவில்லை. நீங்கள் தேறியதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, செடிகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது ஒன்றை உருவிப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

செடிகளால் கிடைக்கும் ஆறுதல் வெறும் மனப்பிரமை அல்ல. நெதர்லாந்தில் தோட்ட வேலையில் பழகிய 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் ஒரு பணியைக் கொடுத்து, பிறகு பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்டத்தில் வேலை செய்யவும் மற்றவர்களை அறைக்குள் அமர்ந்து படிக்கவும் சொன்னார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் இரு குழுவினருக்கும் குறைந்தது என்றாலும், தோட்டத்தில் இருந்தவர்களுக்கே அதிகம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நீங்கள் சொல்லும் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. மண்ணில் உள்ள ஒரு நுண்ணுயிர் மகிழ்ச்சியைத் தருகிறது என்று பரவும் செய்தியை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது பெரும்பாலும் எலிகளிடம் செய்த சோதனைகளிலிருந்து வந்தது.

என் கணிப்பில், உங்களைப் போன்றவர்களுக்குச் செடிகள் உதவுவதற்கு வேறொரு காரணம் உண்டு. படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்பவர் எத்தனை பாடுபட்டாலும் நோய் தேறுவது கண்ணில் படுவதில்லை. காதும் எந்நேரமும் அந்த அறைப் பக்கமே இருக்கிறது. தொட்டி மண்ணில் விரலை நுழைத்து ஈரம் பார்த்து, பழுத்த இலையைக் கிள்ளி எறிந்து, நேற்று மூடியிருந்த குருத்து இன்று விரிந்திருப்பதைக் காணும்போது, செய்த வேலைக்கு ஒரு பலன் உண்டு என்பதை மனம் பல நாட்களுக்குப் பிறகு பார்க்கிறது. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்கள் ஒரு செடி வாடினால் அதையும் தம் குற்றக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். ஆகவே இருக்கும் தொட்டிகளைப் பெருக்கிக்கொண்டே போகாதீர்கள். எளிதில் பிழைக்கும் ஐந்தாறு செடிகள் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கண் இருட்டும் செய்திதான். இரத்த அழுத்த மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, நீண்டகால நீரிழிவு ஆகிய மூன்றுமே எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை இறங்கச் செய்யக்கூடியவை. படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மறுபடியும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்; மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருந்துகளை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். நீரிழிவு மருந்தால் சர்க்கரை தாழ்ந்தும் இப்படி ஆகலாம் என்பதால், அந்த நேரத்துச் சர்க்கரை அளவையும் ஒருமுறை பாருங்கள். அதுவரை தரையில் குனிந்து வேலை செய்யாமல், தொட்டிகளை இடுப்பு உயர மேடையில் வைத்து, ஒரு முக்காலியில் அமர்ந்து வேலை செய்யுங்கள். மாடியின் விளிம்பை ஒட்டி எதையும் வைக்காதீர்கள்.

வெறுங்காலோடு மண்ணில் நிற்க வேண்டாம். நீரிழிவால் பாதம் மரத்துப்போயிருந்தால் முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகிவிடும். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 10 ஆண்டுகள் கடந்திருந்தால் மறுபடியும் போட்டுக்கொள்ளுங்கள். உரமண் மூட்டையைப் பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, மண்ணைச் சற்று நனைத்த பிறகு கையாண்டால் தூசியோடு கிருமி நுரையீரலுக்குள் போவது குறையும். மாமியாரைத் தொடுமுன் கைகளைச் சோப்பால் நன்றாகக் கழுவுங்கள். அவருக்குப் படுக்கைப் புண் இருந்தால் இது மிக அவசியம்.

உறுத்தலைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த அரை மணி நேரம் வீட்டில் வேறொருவர் மாமியாரின் அருகில் இருக்கட்டும்; அதை ஒரு சலுகையாகக் கேட்காமல், மருந்து வேளையைப் போல ஒரு நேரம் குறித்துச் சொல்லிவிடுங்கள். மாடிக்குப் போகவே பிடிக்காத நிலை இரண்டு வாரம் நீடித்தாலோ, அதிகாலையிலேயே விழித்து மறுபடி உறங்க முடியாமல் போனாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே போங்கள்.